வரிப்பேட்டுக்குக் கறுத்தச் சேவல் பிறக்காது

எங்கள் ஒழுங்கையில் யார் கோழி அடைவைத்தாலும், முட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பார்த்துச் சாத்திரம் சொல்லாமல் விடமாட்டார்கள். கூர் முட்டை என்றால் சேவல், உருண்டை என்றால் பேடு. கடுஞ்சிவப்பு ஓட்டுக்குள் கடும் நிறக் குஞ்சு, வெளிறின ஓட்டுக்குள் வெள்ளைக் குஞ்சு. சொல்கிறவர்கள் விசயம் தெரியாதவர்கள் இல்லை. எச்சத்தின் நிறத்தைப் பார்த்தே கோழிக்கு என்ன வருத்தம் என்று சொல்லுவார்கள், எந்தப் பேடு ஒழுங்காக அடைகிடக்கும், எது பாதியில் எழும்பி ஓடும் என்றும் சொல்லுவார்கள், சொன்னபடியே நடக்கும். நான் கோழி வளர்க்கப் பழகியதே இவர்களிடம்தான். அதனால்தான் இந்த ஒரு சாத்திரம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. முட்டை ஓட்டுக்குத் தெரிந்தது ஒரே விசயம்: தன்னை இட்ட பேடு யார் என்பது. ஓடு முழுக்க முழுக்கத் தாயின் உடம்பு செய்த வேலை. சேவலே இல்லாத வளவிலும் அந்தப் பேடு அதே நிறத்தில்தான் முட்டையிடும். உள்ளே இருக்கிற குஞ்சு கறுப்பா, சிவப்பா, சேவலா, பேடா என்று ஓட்டிடம் கேட்பதில் பிரயோசனமில்லை.

இதைப் பலமுறை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால் "ஓம் ஓம்" என்றுவிட்டுப் போயிருக்கிறேன். எதிர் வளவு ஆச்சியின் நேர்த்திதான் என்னை வாய் திறக்க வைத்தது.

ஆச்சியின் பேரனுக்கு மாரியில் கடும் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துத்தான் பிள்ளை தப்பினான். அந்தப் பதற்றத்தில் ஆச்சி வைரவருக்கு ஒரு கறுத்தச் சேவல் விடுவதாக நேர்ந்துவிட்டார். ஒட்டுசுட்டான் சந்தியில் சொல்லி வைத்தால் யாராவது ஒருத்தர் கொண்டுவந்து தருவார்கள். ஆனால் ஆச்சி நேரும்போதே ஒரு நிபந்தனையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்: விலைக்கு வாங்கின சேவல் இல்லை, தன் வளவில் பொரித்த சேவல். கடவுளோடு பேரம் பேசும்போது ஆட்கள் ஏன் தங்களுக்கே இப்படிக் கஷ்டத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள் என்பது வேறு கதை.

அடைக்கு அவர் தெரிந்தெடுத்தது தன்னுடைய வரிப்பேட்டை. கறுப்பில் வெள்ளை வரி வரியாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும் பேடு. ஆச்சியிடம் உள்ளதில் அதுதான் நல்ல தாய், கீரியைக் கண்டால் எதிர்த்து நிற்கும். அதன் முட்டையும் நல்ல கடுஞ்சிவப்பு. வளவில் நின்ற சேவல் செம்மண் நிறச் சிவப்பன். "நல்ல கடும் நிற முட்டையாப் பாத்து வைச்சிருக்கிறன் தம்பி, இந்த முறை கறுப்புத் தப்பாது" என்றார்.

"ஆச்சி, உந்தப் பேட்டில கறுத்தக் குஞ்சு வரும். ஆனா அது எல்லாம் பேடாத்தான் இருக்கும். சேவல் எல்லாம் வரியாத்தான் வரும்."

"உனக்கென்ன விசரே? பேடு கறுக்குமாம், சேவல் கறுக்காதாம். ஒரு வயித்துப் பிள்ளையளுக்கு ஆம்பிளைக்கு ஒரு நிறம், பொம்பிளைக்கு ஒரு நிறமோ?"

அப்படித்தான், இந்த விசயத்தில்.

மகள் அப்பனைப் போல

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். பெண் கேட்டுப் போகும்போதும் தாயைத்தான் பார்ப்பார்கள். கோழியில் சில நிறங்களுக்கு இது தலைகீழ். மனிதரில் ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்பதைத் தீர்மானிப்பது தகப்பன் கொடுக்கிற நிறமூர்த்தம் (குரோமோசோம்) என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பறவைகளில் அந்த வேலை தாயுடையது. சேவலுக்கு இசட் நிறமூர்த்தம் இரண்டு. பேட்டுக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. பேடு தன் மகனுக்கு இசட்டைக் கொடுக்கும், மகளுக்கு டபிள்யூவைக் கொடுக்கும். ஆகவே மகளுக்குக் கிடைக்கிற ஒரேயொரு இசட் தகப்பனிடமிருந்துதான் வருகிறது. இசட்டில் எழுதியிருப்பது எதுவாக இருந்தாலும், பேட்டுக் குஞ்சு அதில் அப்பனைத்தான் உரித்து வைத்திருக்கும்.

வரி போடுகிற பரம்பரையலகு (ஜீன்) இந்த இசட்டில்தான் இருக்கிறது, அது ஆட்சியுள்ளதும் கூட. ஒன்று இருந்தாலே வரி வெளியே தெரியும். வரிப்பேட்டிடம் இருப்பது ஒரே இசட், அதில் வரி இருக்கிறது. அதன் ஒவ்வொரு மகனும் அந்த இசட்டை வாங்கியே தீரவேண்டும். சேவல் சிவப்பாக இருக்கட்டும், கறுப்பாக இருக்கட்டும், அந்தப் பேட்டின் ஆண்குஞ்சு வரியை விட்டுத் தப்ப முடியாது. சில வெள்ளைச் சேவல்களின் வெள்ளை ஆட்சியுள்ளது. லெக்ஹோர்ன் இனத்துடையது அப்படி. அது மற்ற நிறங்களை மூடி மறைத்துவிடும் என்பதால் அங்கே மட்டும் வரி தெளிவாகத் தெரியாமல் போகலாம். சிவப்பனிடம் வரி தெரியவில்லை, ஆகவே அவனிடம் வரி இல்லை. அவனுடைய மகள்களுக்கு வரி வர வழியில்லை. தாயின் கறுப்பு அடிநிறம் மட்டும் மிஞ்சும். கறுப்பு பொதுவாகச் சிவப்பை அமுக்கிவிடும், கழுத்திலும் நெஞ்சிலும் கொஞ்சம் சிவப்பு எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இதே கலப்பை மறுபக்கமாகச் செய்தால், அதாவது அசல் வரிச் சேவலைச் சிவப்புப் பேட்டோடு விட்டால், மகன் மகள் எல்லாருக்கும் வரிதான். தாய் யார், தகப்பன் யார் என்பதை மாற்றிப் போட்டாலே பெறுபேறு மாறிவிடும் என்பது ஒரு காலத்தில் கோழி வளர்த்த வெள்ளைக்காரரையும் குழப்பியிருக்கிறது. இயல்புகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிப் போகும் என்று மெண்டல் சொன்ன விதி பட்டாணிக்கு மட்டுமல்ல, உயிருள்ள பிராணிக்கும் பொருந்தும் என்று 1902இல் வில்லியம் பேட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி காட்டியதே கோழியின் தலையில் உள்ள பூவின் வடிவத்தை வைத்துத்தான். அதற்குப் பிறகு 1908இல் அமெரிக்காவில் ஸ்பில்மன் என்பவர் வரிக்கோழிக் கலப்பின் இந்த வினோதத்துக்கு, வரி ஆண், பெண் என்ற பாலோடு பிணைந்து போகிறது என்று விளக்கம் சொன்னார். ஆச்சி இந்தப் பெயர்களைக் கேட்டு அசரவில்லை. "அவையள் என்ர பேட்டைப் பாத்தவையே?" என்றுதான் கேட்டார்.

உதாரணத்துக்கு அமெரிக்கா போகத் தேவையில்லை. 2009க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில், எங்கள் பக்கத்துக்கு வாழ்வாதார உதவி என்று வந்த கோழிகளில் அந்தச் சிவப்பு முட்டைக்கோழிகளும் இருந்தன. பண்ணைகளில் சிவப்பு முட்டைக்கென்று வளர்க்கிற இனம். அந்தச் சிவப்புப் பேட்டின் தாய் வெள்ளை, தகப்பன்தான் சிவப்பு. பொன்னிறம், வெள்ளிநிறம் என்ற சோடியும் இசட்டில்தான் இருக்கிறது. வெள்ளித் தாய்க்கும் பொன் தகப்பனுக்கும் பிறக்கும்போது பேடுகள் அப்பனைப் போலச் சிவப்பாகவும், சேவல்கள் வெளிறிய மஞ்சளாகவும் பொரிக்கும். பொரித்த அன்றைக்கே நிறத்தைப் பார்த்துப் பிரித்து, சேவல்களைக் கழித்துவிட்டுப் பேடுகளை மட்டும் விற்பார்கள். எங்கள் ஆட்கள் அந்தச் சிவப்பிகளைக் கைக்குக் கிடைத்த சேவல்களோடு விட்டு, வந்த குஞ்சுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் பல நிறத்தில் வந்ததைப் பார்த்து, "உதவிக் கோழிக்குச் சாதி சரியில்லை" என்றார்கள். அது இரண்டு வேறு வழிகளை இணைத்துச் செய்த கலப்பு, தன்னைப் போலவே பிள்ளை பெற அதனால் முடியாது.

இன்றைக்கு எங்கள் வளவுகளில் ஊர்க்கோழி என்று நிற்பவை பெரும்பாலும் அந்தக் கலவையின் பேரப்பிள்ளைகள். இடம்பெயர முதல் இருந்த கோழிகளைக் கொண்டுபோனவர் யாருமில்லை. திரும்பி வந்தபோது எங்கள் பக்கத்தில் விடியக் கூவியது பற்றைக்குள் நின்ற காட்டுக்கோழி மட்டும்தான். சிவப்புப் பூவின் நடுவில் மஞ்சள் உள்ளதே, அந்த இலங்கைக் காட்டுக்கோழி. ஆகவே இங்கே எந்தக் கோழிக்கும் பேரன் பேத்தி தெரியும், பாட்டன் பூட்டன் தெரியாது. நிறத்தை முன்கூட்டிச் சொல்வது எங்களுக்குச் சிரமமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணுக்கு முன் நிற்கிற கறுப்பன் தனக்குள்ளே என்ன நிறத்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்று சொல்ல ஆளில்லை.

தலையில் ஒரு பொட்டு

காலபோக அறுவடை முடிந்த கையோடு ஆச்சியின் குஞ்சுகள் பொரித்தன. விடியவே மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். போனேன். பழைய கடகத்துக்குள் வைக்கோலில் பேடு சிலிர்த்துக்கொண்டு இருந்தது. ஆச்சி அதன் நெஞ்சுக்குக் கீழே கையை விட்டு ஒன்றை எடுத்தார். கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. வயிற்றுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள் படிந்த, ஈரம் காயாத, முழுக் கறுப்புக் குஞ்சுகள். ஒரு சிவப்புக்கூட இல்லை. ஆச்சியின் முகத்தில் இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. "எங்க உன்ர வரி? காட்டு பாப்பம்."

மயிர் காயும்வரை பொறுக்கச் சொன்னேன். வெயில் ஏறின பிறகு சுளகில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தோம். இப்போது வித்தியாசம் தெரிந்தது. சிலவற்றின் உச்சந்தலையில் மங்கலான வெள்ளைப் பொட்டு ஒன்று, சுண்டுவிரல் நுனியால் தொட்டு வைத்த அளவு. மற்றவற்றின் தலை மொத்தக் கறுப்பு. பொட்டு வைத்ததெல்லாம் சேவல், வைக்காததெல்லாம் பேடு என்றேன். வரி போடுகிற அதே பரம்பரையலகுதான் குஞ்சுப் பருவத்தில் இந்தப் பொட்டாகத் தெரிகிறது. தாயும் தகப்பனும் வரியான அசல் வரிக்கோழியில் பேட்டுக் குஞ்சுக்கும் பொட்டு இருக்கும், சேவலுக்கு அதைவிடப் பெரிதாக இருக்கும், அங்கே பிரிப்பதற்குக் கண் பழகவேண்டும். இந்தக் கலப்பில் அந்தக் குழப்பமே இல்லை. இருக்கிறது, அல்லது இல்லை.

ஆச்சி ஒரு குஞ்சைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்துவந்து, பொட்டு வைத்த ஒவ்வொன்றின் காலிலும் தளர்வாகக் கட்டினார். நம்பியதால் இல்லை, என்னைப் பிடிப்பதற்கு. பருந்து கொண்டுபோனது போக மிச்சமெல்லாம் வளர்ந்தன. செட்டைச் சிறகு முளைக்கத் தொடங்கியபோது நூல் கட்டியதில் முதல் வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. பூ சிவந்து தடித்ததும் அவற்றில்தான். நூல் கட்டாதவை கறுப்பாகவே வளர்ந்தன, ஒன்றுகூடக் கூவவில்லை.

இதற்குப் பிறகு ஆச்சி முட்டையின் கூர்மையைப் பார்த்துச் சேவல் சொல்வதை விட்டுவிட்டார் என்று எழுதினால் அது பொய். இப்போதும் சொல்கிறார். ஆனால் பொரித்த அன்றைக்குத் தலையையும் பார்க்கிறார்.

தகப்பன் யார்

சரி, நேர்த்தியை என்ன செய்வது? மகனில் வராதது பேரனில் வரும். வரிப்பேட்டின் கறுத்த மகள்களிடம் வரி இல்லை. அவர்களைக் கறுத்தச் சேவல் ஒன்றோடு சேர்த்தால் பிறக்கிற ஆண்குஞ்சுக்கு வரி வர வழியே இல்லை. சேவல் விலைக்கு வாங்கினது என்றாலும், பொரிக்கிறது ஆச்சியின் வளவில். நிபந்தனை மீறப்படவில்லை என்று ஆச்சியே தீர்ப்புச் சொன்னார். நெடுங்கேணியில் ஒரு வீட்டில் நல்ல கறுப்பன் ஒருவன் கிடைத்தான்.

சேவலை வாங்கி விட்ட அன்றைக்கே நல்ல பலன் வரும் என்று ஆச்சி நினைத்தார். இங்கேதான் வளவில் வளர்க்கிற எங்கள் எல்லாருடைய கணக்கும் பிழைக்கிறது. பேடு ஒருமுறை வாங்கின விந்தை உடம்புக்குள்ளே சேமித்து வைத்திருக்கும். இரண்டு கிழமை வரைக்கும், சிலவேளை மூன்று கிழமைக்கும், பழைய சேவலின் பிள்ளை வந்துகொண்டிருக்கலாம். சிவப்பனைக் கறிக்கு அனுப்பிவிட்டாலும் அவனுடைய குஞ்சு அடையில் இருக்கும். அதோடு, வேலி இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, பக்கத்து வளவுச் சேவலுக்கு வழி தெரியும். "என்ர கறுப்புச் சேவலுக்கு எப்பிடிச் சிவப்புக் குஞ்சு?" என்று சேவல் விற்றவனோடு சண்டைக்குப் போன கதைகள் எங்கள் ஊரில் நிறைய. அதில் பாதி, சேவலின் குற்றமே இல்லை. கறுத்தப் பேடுகளைக் கம்பிவலை அடித்த கூட்டில் கறுப்பனோடு அடைத்து, மூன்று கிழமை முட்டையைச் சாப்பாட்டுக்கு எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அடைக்குச் சேர்க்கச் சொன்னேன். குறுணலும் தவிடும் கூட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கவேண்டியிருந்ததில் ஆச்சிக்கு என்மேல் கோபம்.

அப்படியும் எல்லாம் கறுப்பாக வரும் என்று நான் கைச்சாத்துப் போடவில்லை. ஆச்சியின் கறுத்தப் பேடுகள் ஒவ்வொன்றும் சிவப்பனின் மகள்கள், கறுப்புக்குக் கீழே சிவப்பனின் பங்கு ஒளிந்திருக்கிறது. நெடுங்கேணிக் கறுப்பன் அசலாக இருந்தால் குஞ்சுகள் கறுப்பாகவே வரும். அவனும் ஒளித்து வைத்திருப்பவன் என்றால், சராசரியாக நாலில் ஒன்று கறுப்பில்லாமல் வரும். அதை அவனைப் பார்த்துச் சொல்ல முடியாது, குஞ்சுகளைப் பார்த்துத்தான் சொல்லலாம். வந்தது எல்லாம் கறுப்பு. கழுத்தில் சிவப்பு மின்னாத ஒருவனை ஆச்சி தெரிந்தெடுத்துத் தனியாகத் தீனி போடுகிறார்.

இனி முட்டை

கறுத்தப் பேடுகள் சிறுபோகம் முடிகிற நேரம் முட்டையிடத் தொடங்கின. தாயின் கடுஞ்சிவப்பு இல்லை, தேத்தண்ணிக்குப் பால் கூடிப்போன நிறம். அடுத்த கேள்வி அதிலிருந்து வந்தது: இவற்றின் மகள்கள், கறுப்பனுக்குப் பிறந்த பேத்திகள், என்ன நிறத்தில் முட்டையிடும்? எங்கள் பக்கத்தில் இது விலையோடு சேர்ந்த கேள்வி. சிவப்பாக இருந்தால்தான் ஊர் முட்டை என்று கடைக்காரன் நம்புவான், உண்மையில் ஊர்க்கோழி பால்வெள்ளையில் இட்டாலும் கூட.

இறகு நிறத்தைச் சொன்ன தைரியம் எனக்கு முட்டையில் வராது. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுக்கும், சிவப்பு நிறம் அதில் பெரும்பாலும் கடைசி மணித்தியாலங்களில்தான் மேலே படிகிறது. புரோட்டோபோர்பிரின் என்ற சாயம். இட்ட கையோடு ஈரமாக இருக்கிற முட்டையை விரலால் தேய்த்தால் நிறம் கையில் ஒட்டும். உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தால் வெள்ளை. இந்தச் சாயம் கூடுவதையும் குறைவதையும் ஒரு பரம்பரையலகு தீர்மானிப்பதில்லை, பல சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே கடுஞ்சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் நடுவில் எங்கோ நிற்கும், எங்கே என்று அளந்து சொல்ல முடியாது. அதோடு, அதே பேடே பருவம் முழுக்க ஒரே நிறத்தில் இடாது. தொடர்ந்து இட இட வெளிறும், வெக்கையில் வெளிறும், நோய் வந்தால் வெளிறும், நாய் துரத்திப் பயந்தாலும் வெளிறும். காதுமடல் வெள்ளையென்றால் வெள்ளை முட்டை, சிவப்பென்றால் சிவப்பு முட்டை என்று ஒரு கணக்கு இருக்கிறது. அசல் இனங்களில் அது பெரும்பாலும் சரிவரும். எங்கள் கலவையில் காதைப் பார்ப்பதும் கையைப் பார்ப்பதும் ஒன்றுதான்.

ஆச்சியின் பேரன் தொலைபேசியில் நீல முட்டை காட்டினான். அது ஓரளவு சொல்லக்கூடிய நிறம். சிலி நாட்டு அரவ்கானாக் கோழியில் இருக்கிற நீலம் ஆட்சியுள்ள ஒரே பரம்பரையலகால் வருவது என்று 1933இலேயே பன்னெட் என்ற விஞ்ஞானி காட்டிவிட்டார். பழைய வைரஸ் ஒன்றின் துண்டு அந்தக் கோழியின் மரபில் செருகிக்கொண்டதால் வந்தது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். நீலம் ஓட்டின் உள்ளேயும் இருக்கும், தேய்த்தால் போகாது. நீலத்துக்கு மேலே சிவப்புப் படிந்தால் பச்சை முட்டை. அப்படி ஒரு சேவலைக் கொண்டுவந்தால் மகள்களில் பாதியாவது நீலமோ பச்சையோ இடும் என்று துணிந்து சொல்லலாம். எங்கள் ஒழுங்கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. வந்தால் கடைக்காரன் அதை முட்டை என்று எடுப்பானோ தெரியாது.

பேரன் மினக்கெட்டதில் ஆச்சிக்கு ஒன்று மட்டும் பிடிபட்டது. "அப்ப சேவலும் முட்டை நிறம் குடுக்குமே?"

"ஓம் ஆச்சி. அதான் பிரச்சினை. அவன் முட்டையிடாததால அவனிட்ட என்ன நிறம் இருக்கெண்டு எங்களுக்குத் தெரியாது. அவன்ர தாய், சகோதரியள் என்ன இடுகுது எண்டு பாத்தாத்தான் ஒரு மட்டு மட்டாச் சொல்லலாம்."

இதைச் சொல்லிவிட்டு நான் மறந்துபோனேன். ஆச்சி மறக்கவில்லை. நெடுங்கேணி பஸ்ஸில் ஏறிப் போய்ச் சேவல் விற்ற வீட்டில் விசாரித்திருக்கிறார். தாயைப் போன தீபாவளிக்கே சமைத்துவிட்டார்களாம். கறுப்பனோடு ஒரே அடையில் பொரித்த பேடுகள் இரண்டு நின்றன. ஒன்று வெள்ளையாக இடுகிறது, மற்றது மங்கல் சிவப்பு. வீட்டுக்காரம்மா ஆளுக்கொரு முட்டை அத்தாட்சிக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். பின்னேரம் ஆச்சி மதிலுக்கு மேலால் அந்த இரண்டையும் எனக்குக் காட்டினார், பேப்பரில் சுற்றி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது. "பேத்தியள் நடுவிலதான் இடும், கடுஞ்சிவப்பை எதிர்பார்க்காதேங்கோ" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் இரண்டு முட்டையையும் வரிப்பேட்டின் அடைக்குள் தள்ளி வைத்திருக்கிறார். தகப்பன் யாரென்று நான் கேட்கவில்லை.